சுழலும் எண்ணமும் எட்டாத மருத்துவமும்

(குத்தம்பாக்கத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கடந்த 25 ஆண்டுகளில் நம் கழகம் ஆற்றிய பணிகளை முன்னே பேசியோர் விரித்துரைத்தனர். எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர், ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்கூடங்களில் எத்தனை பேர் வேலை பெற்றனர் என்ற கணக்கைக் கேட்டு நாமும் மகிழ்ந்தோம். அக்கணக்கில் ஏறாமற் போனவர்களும் உளர். படிப்பில் கெட்டிக்காரராய் இருந்து, வறுமையாலன்றி, பெயர் தெரியாத ஒரு துன்பத்தால் பாதியில் நின்றவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். விழாவுக்கு ஏற்ற பொருளா இது என்று சிலர் கேட்டனர். விழா நாளில்தானே எல்லாரும் கூடுகிறோம்!

மாலைப் பள்ளிக்கு ஒரு மாணவன் வந்துகொண்டிருந்தான். பத்தாம் வகுப்பு, கணக்கில் கெட்டி. ஒரு வரி எழுதுவான், அழிப்பான், மீண்டும் எழுதுவான். தாள் கிழியும் வரை அழிப்பான். அரைமணி நேரத்தில் முடியும் பாடம் அவனுக்கு மூன்று மணி நேரம் ஆகும். தேர்வில் இரண்டு வினாக்களுக்கு விடை எழுதி முடிக்குமுன் மணி அடித்துவிடும். பள்ளியில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். “இவர்களுக்குப் படிப்பு எங்கே ஏறப் போகிறது” என்று ஓர் ஆசிரியர் சொன்னதாகவும் அவன் தாய் அழுதார். நம் பிள்ளை தேர்வில் தவறினால் சாதியைக் காரணம் காட்டும் வழக்கம் எத்தனை வசதியானது பாருங்கள்! அதன்பின் வேறு காரணம் தேட வேண்டிய உழைப்பு எவர்க்கும் இல்லை. நம்முடைய தொண்டர் ஒருவர் பொறுமையாய் அருகமர்ந்து கேட்டபோது அவன் சொன்னான்: “எழுத்துச் சரியாக அமையாமல் விட்டுவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் போலிருக்கிறது, அண்ணா. அப்படி ஆகாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் விட முடியவில்லை.”

“எனக்கே தெரியும், ஆனாலும் விட முடியவில்லை” என்ற அந்த வாக்கியத்தில்தான் நோயின் இலக்கணம் அடங்கியிருக்கிறது. ஓ.சி.டி. என்று ஆங்கில முதலெழுத்துகளால் மருத்துவர்கள் இதனை அழைக்கின்றனர். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்பர். அதற்கு இரு பகுதிகள் உண்டு. விரும்பாத ஓர் எண்ணமோ காட்சியோ ஐயமோ அழையாமல் மனத்துள் நுழைந்து, விரட்ட விரட்டத் திரும்பி வருவது முதற்பகுதி. அதனால் எழும் பதைப்பைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது இரண்டாம் பகுதி. கை கழுவுதல், பூட்டை இழுத்துப் பார்த்தல், எரிவாயு அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்தல், எண்ணுதல், ஒழுங்குபடுத்தல், மனத்துள்ளே மந்திரம்போல் ஒன்றை உருவிடல் ஆகியன அவ்வகைச் செயல்கள். செய்தவுடன் சற்றே நிம்மதி வரும். அந்த நிம்மதியே கேடு. அது மனத்துக்கு, “செய்ததால்தான் பிழைத்தாய்” என்று கற்பித்துவிடுகிறது. அடுத்த முறை பதைப்பு மிகுதியாக வரும், செயலும் நீளும்.

தீய எண்ணம் வருவதே நோயன்று. 1978ஆம் ஆண்டில் இலண்டனில் இராக்மன் என்பாரும், இலங்கையில் பிறந்த உளவியலறிஞர் பத்மல் த சில்வாவும் நலமாயிருக்கும் மக்களிடம் இதனை ஆராய்ந்தனர். நோயாளிகளுக்கு வரும் அதே வகை எண்ணங்கள் நலமுடையோர் பெரும்பாலோர்க்கும் வருகின்றன என்று கண்டனர். கைக்குழந்தையை ஏந்தி மாடியில் நிற்கும் தாய்க்கு, “தவறவிட்டால் என்னாகும்” என்று ஒரு கணம் தோன்றுவது இயல்பே. பிறர் அதனை உதறிவிட்டு நடப்பர். இந்நோயுற்றவரோ, “இப்படி நினைத்த நான் கொலைகாரியா” என்று அதனைப் பிடித்துக்கொண்டு மடிவார். கத்தியைப் பரணில் ஒளித்து வைப்பார். குழந்தையைத் தொடவே அஞ்சுவார். தெய்வத்தைப் பற்றியும் உறவினரைப் பற்றியும் வாயால் சொல்லத் தகாத எண்ணங்கள் சிலர்க்கு வரும். அவர்கள் ஒழுக்கங்கெட்டவர் அல்லர். ஒழுக்கத்தைப் பெரிதென மதிப்பவர் ஆதலாலேயே அவ்வெண்ணம் அவர்களை அத்துணை வாட்டுகிறது. தாய்மார்கள் இதனைச் செவியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏனெனில் பிள்ளைப்பேற்றுக்குப் பின் இவ்வகை அச்சம் தலைகாட்டுவதுண்டு. நாணத்தால் எவரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வெந்து போகிறார்கள்.

இனி, நம் மக்களுக்கென்றே உரிய ஒரு சிக்கலுக்கு வருவோம். கழுவும் நோய் வந்த ஒருவரை ஊரார் எப்படிப் பார்க்கின்றனர்? வேறொரு தெருவில் அவர் பிறந்திருந்தால், “ஆசாரம் மிக்கவர், மடி தவறாதவர்” என்று சொல்லி நோயை மறைத்துவிடுவர். நம் தெருவில், “பெரிய சாதிக்காரி என்று நினைப்பு” என்று எள்ளுவர். இரண்டாலும் நோயாளிக்கு மருத்துவம் கிட்டுவதில்லை. போதாததற்கு, அழுக்கர் என்று தலைமுறை தலைமுறையாய் ஏசப்பட்ட மக்கள் நாம். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் நம் பெண், பிறரைவிட ஒருபடி தூய்மையாய் இருந்தால்தான் மதிப்பார்கள் என்ற அச்சத்தோடே வளர்கிறாள். அவள் இரண்டு மணி நேரம் குளித்தால் வீட்டாருக்கு அது நோயாகத் தோன்றுவதில்லை, நாகரிகமாகத் தோன்றுகிறது. தனியார் மருத்துவர் ஒருவரிடம் இப்படி ஒரு பெண்ணை அழைத்துச் சென்றபோது, “சுத்தமாக இருப்பது நல்லதுதானே, இதற்கு எதற்கு வைத்தியம்” என்று அனுப்பிவிட்டார். அப்பெண்ணின் விரலிடுக்குகள் சவர்க்காரத்தால் வெடித்துக் குருதி கசிந்துகொண்டிருந்தன.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். தொட்டி நிறையத் தண்ணீர் உள்ள மாளிகையில் இந்நோய் குளியலறைக் கதவுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். தெருக்குழாயில் முறை வைத்துப் பிடிக்கும் நம் வீடுகளில் அதற்கு ஒளிய இடமில்லை. ஒருவர் எட்டுக் குடம் ஊற்றிக் கழுவினால் வீட்டார்க்கு உலை வைக்கவும் நீர் இராது. சண்டை மூளும், அண்டை வீட்டாரும் வருவர். ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் நம்மூர்ச் சமத்துவபுரத்து இரட்டை வீடுகளை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் ஒரு வீட்டுக் குழாய் ஓய்வின்றி ஓடினால் அடுத்த வீட்டார்க்கும் உறக்கமில்லை.

ஈண்டு ஒரு தவறான பேச்சை மறுக்க விரும்புகிறோம். “தீண்டாமையே ஒருவகை மனநோய்தான், தீட்டுப் பார்ப்பவர்க்கு ஓ.சி.டி.” என்று நம் இளைஞரில் சிலர் வேடிக்கையாய்ச் சொல்கின்றனர். வேண்டாம், தோழர்களே. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரருந்தினார். அதன்பின் சாதியினர் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களை அக்குளத்தில் கொட்டித் தூய்மை செய்ததாகக் கூறிக்கொண்டனர். அவர்கள் நோயாளிகளா? நோயாளி தன் செயலை எண்ணி நாணுகிறார், விடுபட ஏங்குகிறார், தன்னையே வருத்திக்கொள்கிறார். அவர்களோ பிறரை வருத்தினர். அதனால் ஒரு துன்பமும் எய்தவில்லை. விடுபட விரும்பவும் இல்லை. அது அதிகாரம், நோயன்று. கொடுமைக்கு நோயின் பெயரைச் சூட்டினால் கொடுமை செய்தோர் தப்பிவிடுவர். நோயுற்ற நம் பிள்ளை பழி சுமப்பான்.

எத்தனை பேருக்கு இந்நோய் உண்டு என்பதை நாடறியும். 2015–16ஆம் ஆண்டுகளில் பெங்களூரின் நிம்ஃகான்சு நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்திற்று. வயதுவந்தோரில் 100க்கு 0.8 பேர் ஆய்வு நடந்த வேளையில் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். அஃதாவது, ஆயிரம் பேரில் எட்டுப் பேர். நம்மூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அந்த எட்டெட்டுப் பேர் எங்கே? எவர் பெயரும் எவர்க்கும் தெரியாது. அதே ஆய்வு, மனநோய்களுக்கு மருத்துவம் பெறாதவர்களின் அளவு நோய்க்கு நோய் வேறுபட்டு 100க்கு 70 முதல் 92 வரை இருப்பதாய்க் காட்டிற்று. பெரும்பாலோர்க்கு இந்நோய் பிள்ளைப் பருவத்திலோ இளமையிலோ தொடங்குகிறது. படிக்கும் வயதும் நோய் பிடிக்கும் வயதும் ஒன்றாய் இருப்பதனால்தான் கல்விக் கழகமாகிய நாம் இதில் வாய் திறக்கிறோம்.

மருத்துவம் இல்லாத நோயன்று இது. செரோட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளின்மேல் செயற்படும் மருந்துகள் இதற்குப் பயன்படுகின்றன. 1960களிலேயே குளோமிப்ரமின் என்னும் மருந்து பயன் தருவதை மருத்துவர்கள் கண்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இந்நோய்க்கென்றே அது இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தில் ஃபுளுவாக்சடின், செர்ட்ராலின், ஃபுளுவாக்சமின் போன்றவை வந்தன. மனச்சோர்வுக்குத் தருவதைவிடச் சற்றுக் கூடிய அளவு இதற்குத் தேவைப்படுவதுண்டு. பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். நம் மக்கள் பதினைந்து நாள் உண்டு, “ஒன்றும் கேட்கவில்லை, வயிற்றைப் பிரட்டுகிறது” என்று நிறுத்திவிடுகின்றனர். நிறுத்துவதாயினும் மருத்துவரைக் கேட்டே படிப்படியாய் நிறுத்த வேண்டும்.

மருந்தோடு, அல்லது மருந்தின்றியும், மற்றொரு முறை உண்டு. 1966ஆம் ஆண்டில் விக்டர் மேயர் என்னும் உளவியலறிஞர் இலண்டன் மிடில்செக்சு மருத்துவமனையில் இரு நோயாளிகளுக்கு இதனைச் செய்து வெளியிட்டார். அஞ்சும் பொருளை நோயாளியே சிறிது சிறிதாய் எதிர்கொள்வதும், எதிர்கொண்டபின் வழக்கமான செயலைச் செய்யாமல் பொறுத்திருப்பதுமே அம்முறை. செருப்பைத் தொட அஞ்சுபவர் செருப்பைத் தொடுவார். கை கழுவ மாட்டார். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். கழுவாமலே அமர்ந்திருந்தால் அப்பதைப்பு ஏறி நின்று, பின் தானே இறங்கும். கழுவியதால் அன்று, காலத்தால் அது தணிந்தது என்று மனம் அப்போது கற்றுக்கொள்கிறது. சொல்லும்போது எளிதாய்த் தோன்றும். செய்பவர்க்கு அது தீ மிதிப்புப் போன்றது. ஆதலின் பழகிய வல்லுநர் உடனிருந்து, எளியதில் தொடங்கி அரியதற்குச் செல்ல வேண்டும். வீட்டார், “உன் நோயைத் தெளிவிக்கிறோம்” என்று பிடித்துக்கொண்டு கையில் சாணியைப் பூசுவது மருத்துவமன்று, வன்கொடுமை.

பணமிருந்தால் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கக் கோடீசுவரர் ஓவர்டு ஃகியூசு விமானங்கள் கட்டியவர். உலகின் பெருஞ்செல்வரில் ஒருவர். கிருமியச்சத்தால் மெல்லிய காகிதத்தாள் கொண்டே பொருள்களைத் தொட்டு, இருண்ட ஓட்டல் அறைகளுக்குள் பல ஆண்டுகள் அடைந்து கிடந்து, 1976இல் இறந்தார். அவரைச் சூழ இருந்த ஊழியர்கள் நோயைத் தீர்க்க முயலவில்லை. அவர் சொன்ன விதிகளின்படியே கைகழுவிப் பணிந்து நடந்தனர். நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது. “பூட்டினேனா” என்று பத்து முறை கேட்டால் பத்து முறையும் “பூட்டிவிட்டாய்” என்கிறோம். அன்பினால் செய்கிறோம், நோய்க்கு அது உணவாகிறது.

மருத்துவம் இருந்தும் ஏன் எட்டவில்லை? நம்மவர் முதலில் நாடுவது பூசாரியை, அடுத்து தாயத்து, அதற்கும் அடங்காவிட்டால், “ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகும்” என்று திருமணம். குணசீலத்திலும் ஏர்வாடியிலும் மனநோயாளிகளைத் தங்கவைக்கும் வழக்கம் நெடுநாள் நிலவியது. வழிபாட்டை நாம் பழிக்கவில்லை. ஆயின் 2001ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் எரிந்தனர். 28 பேர் மாண்டனர். அவர்களைப் பிணித்த சங்கிலி உற்றார் உறவினரின் அறியாமையிலிருந்தும் செய்யப்பட்டது.

அடுத்த தடை ஒரு சொல். “கீழ்ப்பாக்கம்” என்ற ஊர்ப்பெயரைத் தமிழ்த் திரைப்படங்கள் நகைச்சுவைக்கான வசைச்சொல்லாக்கிவிட்டன. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையோ 1794ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு நிலையத்தின் வழிவந்தது. 1871 முதல் இப்போதுள்ள இடத்தில் இயங்குவது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன் அம்மையார் 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பை வகித்தார், 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தையும் தொடங்கினார், 2021இல் மறைந்தார். அத்தகையோர் உழைத்த இடத்தின் பெயரைச் சொல்லிச் சிரிக்கும் பழக்கம், வாயிற்படி வரை வந்த நோயாளியைத் திருப்பியனுப்புகிறது. புறநோயாளிச் சீட்டில் அம்மருத்துவமனையின் பெயர் இருக்கிறதென்று சீட்டையே கிழித்துப் போட்ட குடும்பங்கள் உண்டு.

மருத்துவம் பார்ப்பது நமக்குப் புதிதுமன்று. நம் முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராய்த் தொழில் செய்தவர். உடல் நோய்க்கு மருந்து கேட்கக் கூசாத நாம் மன நோய்க்கு மட்டும் ஏன் கூச வேண்டும்?

பிறகு தொலைவும் கூலியும். இங்கிருந்து பூவிருந்தவல்லிக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து நகரத்துக்கு மற்றொன்று. காலையிலேயே சீட்டு வாங்க வேண்டும். நோயாளியோடு துணைக்கு ஒருவர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது இரண்டு ஆள் கூலி. மாதம் ஒருமுறை என்றால், ஓராண்டில் பன்னிரண்டு முறை. அத்தனை பாடுபட்டுச் சென்றாலும், கூட்டம் நெருக்கும் பிரிவில் மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்க முடிந்தது சில நிமிடங்களே. இந்தியாவில் இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 0.75 மனநல மருத்துவரே உள்ளனர் என்பது கணக்கு. மாத்திரை எழுத அந்நிமிடங்கள் போதும். வாரந்தோறும் ஒருமணி நேரம் உடனிருந்து செருப்பைத் தொடச் செய்யும் பயிற்சிக்குப் போதா. அப்பயிற்சியைத் தமிழில் அளிக்கவல்ல உளவியலர் மிகச் சிலர். தனியாரிடம் கட்டணமோ நமக்கு எட்டாதது. நம் பிள்ளைகளில் சிலரேனும் உளவியல் படிக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துவது இதனாலேதான். எல்லாரும் பொறியியலுக்கே ஓடுகிறீர்கள்!

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 18ஆம் பிரிவு மனநல மருத்துவம் பெறுவதை உரிமையாக்குகிறது; சாதி காரணமாக வேறுபாடு காட்டலாகாது என்று சாதியைப் பெயர் சுட்டியே கூறுகிறது. வறுமைக்கோட்டின் கீழுள்ளோர், அதற்கான அட்டை இருப்பினும் இல்லாவிடினும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் கட்டணமின்றி மருத்துவம் பெறலாம். நோயாளியைச் சங்கிலியால் பிணிப்பதை அச்சட்டம் தடுக்கிறது. மனநோயால் ஏற்படும் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. உரிமை ஏட்டில் இருக்கிறது; அதனைக் கேட்டுப் பெற வேண்டிய வாய் நம்முடையது. கிணற்று நீரும் பள்ளிக்கூடமும் பொதுவழியும் நமக்குக் கேட்டபின்தான் கிட்டின.

முன்னே குறித்த மாணவனுக்கு மருத்துவம் தொடங்க மூன்றாண்டு ஆயிற்று. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தபின் தனித்தேர்வராய் எழுதித் தேறினான்; இன்று வேலையில் இருக்கிறான். நோய் முற்றும் போய்விட்டதா எனில், இல்லை. சில நாள் தலைகாட்டும், அவன் அதனைக் கண்டுகொள்வதில்லை. இழந்த மூன்றாண்டை எவராலும் திருப்பித் தர இயலவில்லை.

நடைமுறையில் செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லி அமைகிறோம். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இத்தகைய எண்ணமோ செயலோ உங்களைப் பிடித்து வைத்தால், படிப்பையும் வேலையையும் கெடுத்தால், அதனைச் சொல்லுங்கள். மருத்துவரிடம் சொல்ல நாணினால் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த எண்ணங்களை அவர்கள் நூறு பேரிடம் கேட்டிருப்பர், வியக்க மாட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கம் ஒன்றே வழியன்று. 2022 அக்டோபர் 10 முதல் செயற்படும் டெலி மானசு என்னும் அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் விடியும் வரை காத்திராமல் அப்போதே அழையுங்கள். உடனிருப்போர் அவரைத் தனியே விடாதீர்கள்.

மருத்துவமனைக்குத் துணை வர ஆளில்லாதவர்க்கு நம் உறுப்பினர் இருவர் உடன்வருவர்; பேருந்துக் கட்டணத்தைக் கழகம் ஏற்கும். புதன், சனி மாலைகளில் நூலக அறையில் அவர்களைக் காணலாம். பிற வேலைகளுக்கு வைத்திருக்கும் கையெழுத்துப் புத்தகம் இதற்கு வைக்கப்படவில்லை. பெயரும் தெருவும் எழுதித் தர வேண்டுவதில்லை.